நேபோத்துக்கு ஒரு பக்கம்

“கோட்டு இருக்கு, செருப்பு இருக்கு. தொப்பி இல்லாம நான் எப்படி மாமாவா ஆகிறது, அண்ணி?” என்று அலமாரிக்குள்ளிருந்து லவ்னெஸின் குரல் வந்தது. அவள் உடம்பில் பாதி அலமாரிக்குள் இருந்தது.

நெட்சாய் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டு அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் அப்பா மூடி திறந்த சவப்பெட்டியில் படுத்திருந்தார். அவரைப் பார்க்க வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்திவரை நீண்டிருந்தது. கொல்லையில் மாப்பிள்ளைமார் காளையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தி பிடித்தவர்கள் இரண்டு பேர், ஆலோசனை சொன்னவர்கள் ஒன்பது பேர்.

ஊர் வழக்கப்படி, பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மருமகள் இறந்தவரின் உடுப்பை மாட்டிக்கொண்டு, அவரைப்போலவே நடந்து, இருமி, திட்டி, முன்னால் போகவேண்டும். அழுகிறவர்கள் சிரிக்காவிட்டால் மருமகளுக்குத் தோல்வி. நெட்சாயின் தம்பியைக் கட்டிக்கொண்டு லவ்னெஸ் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. அத்தனை வருடமும் மாமனாரைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்து வைத்திருந்தாள்.

கடைசி அட்டைப்பெட்டிக்குப் பின்னால் தொப்பி இருந்தது. இரட்டைவாய் டேப் ரெக்கார்டரின் தலையில், அதற்காகவே தைத்ததுபோல உட்கார்ந்திருந்தது.

அந்த இயந்திரத்தை வைத்துத்தான் அப்பா நேபோத் சிட்ஸிக்வே வாழ்நாள் முழுவதும் பாடிப் பதிவு செய்தார். சமையலறைச் சுவரில் கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, அம்மாவைக் கெட்டிலை இறக்கச் சொல்லிவிட்டு, எப்போதும் சுதி இறங்கிவிடும் மூன்றாவது கம்பியைத் திட்டி முறுக்கிவிட்டு, கிடாரும் தானுமாகப் பாடுவார். பிறகு ஒரு வாயில் மூல கேசட், இன்னொரு வாயில் காலி கேசட். ஒன்றொன்றாக நகல் எடுத்து, நீல மையில் பெயர் எழுதி, ஹராரேக்கும் முட்டாரேக்கும் இடையில் ஓடும் பேருந்து ஓட்டுநர்களிடம் கொடுப்பார். இசைத்தட்டு நிறுவனம் ஒன்று ஒரேயொரு முறை கூப்பிட்டது. மூன்றாவது பாட்டில் கோழிச் சத்தம் கேட்கிறது, அதை எடுத்துவிடுங்கள் என்றார்கள். கோழி சரியான இடத்தில்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இவரைப்போன்றவர்களைச் சுயாதீனக் கலைஞர் என்று சொல்கிறார்கள் என அவருடைய தம்பி மகன் டாக்மோர் ஒருமுறை விளக்கியபோது, “சுதந்திரமா? என் பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார்.

மேலங்கிப் பையில் கைப்பேசி துடித்தது. பார்க்காமலே அவளுக்குத் தெரியும். இன்று சனிக்கிழமை. மாலை ஆறு மணியோடு விவாதம் முடிகிறது.

இணையத்தில் உலகமே கூடி எழுதுகிற கலைக்களஞ்சியத்துக்கு நெட்சாய் ஒன்பது வருடமாகச் சம்பளமில்லாத வாசல்காவல். பகலில் பள்ளி நூலகர். அங்கே அவள் வைத்துக்கொண்ட பெயர் ‘சத்தம் கூடாது’. நூலகச் சுவரிலிருந்து எடுத்தது. எந்த இசைக்காரருக்குப் பக்கம் தகும், எவருக்குத் தகாது என்று பார்ப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை என்பதால் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. கைப்பேசியும் பளபளக்கும் சட்டையும் வைத்திருக்கிற ஒவ்வொரு பையனும் தனக்குத்தானே ஒரு பக்கம் எழுதிக்கொள்கிறான். ‘பல விருதுகள் வென்ற’ என்பான். விருதைக் கொடுத்தது அவன் மைத்துனனின் முடிதிருத்தகம் என்று நெட்சாய் கண்டுபிடிப்பாள். ‘சம்பந்தமில்லாத வெளியார் எவரும் இவரைப் பற்றி விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. நீக்கலாம்.’ இந்த வரியை அவள் நானூறு தடவைக்குமேல் எழுதியிருக்கிறாள். ஒருமுறையும் வருந்தியதில்லை. வருந்தத் தேவையும் இல்லை. அவளைப்போல நாலு பேர் இல்லாவிட்டால் அந்தக் களஞ்சியம் எப்போதோ தேர்தல் சுவரொட்டி ஆகியிருக்கும்.

அப்பாவுக்குப் பக்கம் எழுதியது டாக்மோர். சித்தப்பா மகன், கைப்பேசிக் கடையில் வேலை, ‘அதிகம் பேசு’ என்ற பெயருக்கேற்ற பேச்சு. அவளிடம் கேட்காமல் எழுதிவிட்டான். போன சனிக்கிழமை, ஏதோ ஒரு குளிர்நாட்டிலிருந்து ‘வடகாற்று’ என்ற பெயரில் எழுதுகிறவர் அதை நீக்க முன்மொழிந்தார். காரணமாகப் போட்டிருந்தது நெட்சாயின் அதே வரி, எழுத்து மாறாமல். அவளிடம் கற்றுக்கொண்டவர்தானே. கீழே மரியாதையாக ஒரு குறிப்பும் இருந்தது: ‘சத்தம் கூடாது அவர்களே, இவர் உங்கள் நாட்டுக்காரர். நீங்கள் சொல்வதை நாங்கள் ஏற்போம்.’

அவள் யார் மகள் என்பது வடகாற்றுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்மோர் அந்தப் பக்கத்தை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினான். மொசாம்பிக், மலாவி, சாம்பியா, போட்ஸ்வானா என நான்கு நாடுகளில் மேடையேறியவர். முப்பத்திரண்டு இசைத்தொகுப்புகள். கிழக்கு மலைகளின் அணையாச் சுடர். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நல்லா வாழ்ந்திருக்கானேடா. யாரு இவன்? இவன் வீட்டுல வாரத்துக்கு எத்தனை நாள் கறி?”

“நீங்கதான் பெரியப்பா.”

“நானா நாலு நாட்டுக்குப் போனேன்?”

“போயிருந்தீங்கன்னா கைதட்டியிருப்பாங்கல்ல? அது பொய் இல்ல பெரியப்பா. இன்னும் நடக்காத உண்மை.”

அப்பா சிரித்தார், சிரிப்பு இருமலாகி முடிந்தது. பிறகு நெட்சாய் பக்கம் திரும்பினார். “நீதானே அங்க வாசல்காரி. என்னை உள்ள விடுவியா?”

“வெளியாள் யாராவது எழுதியிருக்கணும்பா. நம்ம வீட்டு ஆளுங்க சொல்றது கணக்குல வராது.”

“அதுவும் சரிதான். பெருமையைக் கேட்டா வீட்டு ஆளுக்குப் பொய்தான் வரும்.” டாக்மோர் தண்ணீர் எடுக்கப் போனதும், சிரிக்காமல், இன்னொரு தடவை கேட்டார். “விடுவியா?”

அவள் போர்வையைச் சரிசெய்தாள். புதன்கிழமை விடியலில் அவர் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு முற்றத்தில் இரங்கல் கூட்டம் தொடங்கியது. மாகாணக் கலை மேம்பாட்டு வாரியத்தின் துணை இயக்குநர் திரு. முசாரா வெள்ளை வண்டியில் வந்து இறங்கினார். கூட ஒரு வாரப் பத்திரிகையின் நிருபர் வந்தார். நிருபரிடம் வண்டி இல்லாததால், துணை இயக்குநர் போகுமிடமெல்லாம் செய்தியும் நடந்துகொண்டிருந்தது. முசாராவுக்காகச் சட்ஸா களிப் பானைகளை நகர்த்தி நிழலில் நாற்காலி போட்டார்கள். உயிரோடு இருந்த நேபோத்தை அவர் ஒருமுறை சந்தித்திருக்கிறார். வாரிய அலுவலகத்துக்கு வெளியே வாசிக்கக்கூடாது என்று ஆளனுப்பிக் கூப்பிட்டுச் சொன்னபோது.

“இன்று ஒரு சகாப்தம் சாய்ந்துவிட்டது” என்று அவர் ஆரம்பித்தார். இந்த மாதத்தில் அவர் தலைமையில் சாய்ந்த மூன்றாவது சகாப்தம் அது. தட்டச்சுத் தாளைப் பிரித்தார். “மொசாம்பிக், மலாவி, சாம்பியா, போட்ஸ்வானா ஆகிய நான்கு நாடுகளில் மேடையேறியவர்...”

நெட்சாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே நாடுகள், அதே வரிசை.

“...முப்பத்திரண்டு இசைத்தொகுப்புகள் தந்த, கிழக்கு மலைகளின் அணையாச் சுடர்.”

அணையாச் சுடர், டாக்மோரின் கடையில் விற்கும் கைவிளக்கின் விளம்பரத்திலிருந்து வந்தது. டாக்மோர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து, முதன்முதலாகக் கேள்விப்படுகிறவன்போல வாய்பிளந்து தலையாட்டிக்கொண்டிருந்தான். நிருபர் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாமல் பேச்சின் நகல் முன்பே அவர் கையில் இருந்தது.

கைதட்டல் ஓயும் முன் சிமுகா எழுந்தார். நேபோத் குடும்பத்துக்கு அவர் சாஹ்விரா. மூன்று தலைமுறையாக இந்த வீட்டுப் பிணத்தை அந்த வீட்டுக்காரர்களும், அந்த வீட்டுப் பிணத்தை இந்த வீட்டுக்காரர்களும் அடக்கம் செய்கிறார்கள். சாவு வீட்டில் சாஹ்விரா யாரையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், செத்தவரைக்கூட. கோபித்துக்கொள்கிறவனுக்குத்தான் அவமானம். எழுபத்திரண்டு வயது, பேக்கரியிலிருந்து ஓய்வுபெற்றவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டே பெட்டியிடம் போனார்.

“டேய் நேபோத். நாலு நாடாமே? எங்கிட்ட சொல்லாமயா போன? உனக்குப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கவே நான்தானே சட்டை குடுத்தேன். அந்தச் சட்டையே இன்னும் திரும்பி வரல.” முதல் சிரிப்பு பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. “மொசாம்பிக் எல்லை வரைக்கும் போனான். அது உண்மை. கிடாருக்கு வரி கட்டுன்னான் அங்க இருந்தவன். இவன் அங்கயே உக்காந்து அந்த ஆளு மேலயே ஒரு பாட்டு கட்டிப் பாடிட்டு, திரும்பி நடந்து வந்துட்டான். துணை இயக்குநரையா, நீங்க சொன்ன நாலுல கால் நாடு தேறும்.”

முற்றமே சிரித்தது. முசாரா தன் ஓட்டுநர் சிரிப்பதைப் பார்த்த பிறகு சிரித்தார்.

“ஆனா இதைக் கேளுங்க ஐயா. உங்க தாள்ல இல்லாதது. இந்த வெங்கெரேயில நாப்பது வருஷமா இவன் பாடாம ஒரு ஆளு மண்ணுக்குள்ள போனதில்ல. போதகருக்கும் பாடினான், போதகர் வீட்டுல கோழி திருடினவனுக்கும் பாடினான். ஆளுக்கொரு பாட்டு, புதுசா. வீட்டுக்காரங்ககிட்ட மூணே கேள்வி கேப்பான். டீயில எத்தனை கரண்டி சர்க்கரை, எப்படி நடப்பாரு, யாரோட சண்டை. அவ்வளவுதான். அதை வச்சுப் பாடினா செத்தவன் எந்திரிச்சு நிக்கிற மாதிரி இருக்கும். பஸ் ஸ்டாண்டுல பேரு தெரியாத ஒருத்தன் செத்துக் கிடந்தானே, ஞாபகமிருக்கா? கவுன்சில் வண்டி தூக்கிட்டுப் போக வந்துச்சு. இவன் வண்டியை நிறுத்திட்டு டீக்கடைக்காரம்மாகிட்ட போய், அவன் எப்படிம்மா டீ குடிப்பான்னு கேட்டான். பேரில்லாதவனுக்கும் பாட்டு இருந்துச்சு ஐயா.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த டீக்கடைக்காரம்மா முந்தானைத் துணியால் முகத்தைத் துடைத்தாள். நிருபர் குறிப்பேட்டை ஏற்கெனவே பையில் வைத்துவிட்டார். சாஹ்விராவின் பேச்சு வேடிக்கை, வேடிக்கை செய்தியாகாது.

அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூடக் கேசட்டில் இல்லை. ஏன் பதிவு செய்யவில்லை என்று நெட்சாய் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். “அது அவங்களோடது. குடுத்தாச்சு” என்றார் அப்பா.

முசாரா பெட்டிக்கு முன் ஒரு நொடி குனிந்துவிட்டு, அடுத்த சாவுக்குக் கிளம்பினார். செய்தியும் கூடவே வண்டியேறிப் போயிற்று. பெட்டியைத் தூக்க ஆட்கள் எழுந்தபோது கல்லறையிலிருந்து ஆள் வந்தான். குழியில் பாறை தட்டிவிட்டது, இன்னும் ஒன்றரை மணிநேரம். “கடைசிவரைக்கும் நேரத்துக்கு மேடையேற மாட்டான்” என்றார் சிமுகா. எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள், டீ சுற்றி வந்தது.

நெட்சாய் சமையலறையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது டாக்மோர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தான்.

“அக்கா, வந்துருச்சு. பத்திரிகை இணையத்துல போட்டுட்டான். பாரு, படத்தோட. ‘அணையாச் சுடர் அணைந்தது’. ஒரு முழுப் பக்கம் வரும் நீளம்.”

அவள் கத்தியை வைத்துவிட்டுப் படித்தாள். நான்கு நாடுகள். முப்பத்திரண்டு. படத்தில் முசாரா இருந்தார், பெட்டி பாதி இருந்தது.

“வெளியாள்னு கேட்டல்ல? வெளியாள். பத்திரிகைன்னு கேட்டல்ல? பத்திரிகை. நீ கேட்ட எல்லாம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ‘வைக்கலாம்’னு ஒரு வார்த்தை போடுக்கா. நீ சொன்னா ஒருத்தன் வாயைத் தொறக்க மாட்டான்.”

“இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சு டாக்மோர்?”

“துணை இயக்குநர் சொன்னாரு.”

“அவருக்கு யாரு சொன்னா?”

டாக்மோர் ஒரு ரொட்டித் துண்டை எடுத்தான், திரும்ப வைத்தான். “நான் எழுதினதுதான். அதனால என்ன? இப்ப அவர் சொல்லியாச்சு, பேப்பர்ல வந்தாச்சு. இனிமே அது நான் எழுதினது இல்ல.” குரல் இறங்கியது. “அக்கா, பெரியப்பா உன்னைக் கேட்டாரு. ரெண்டாவது தடவை கேட்டப்ப நான் கதவுக்கு வெளியதான் நின்னேன்.”

அவன் போன பிறகு அவள் ஆணித் துளைகள் நிறைந்த சுவரில் சாய்ந்துகொண்டு விவாதப் பக்கத்தைத் திறந்தாள். ஐந்து பேர் எழுதியிருந்தார்கள், எல்லாரும் ‘சத்தம் கூடாது’வின் சொல்லுக்காகக் காத்திருப்பதாக. வைக்கலாம் என்று தட்டினாள். ஒரே சொல். நாளைக்கு உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் எவரும் நேபோத் சிட்ஸிக்வே என்று தேடினால் ஒரு மனிதன் வருவான், நான்கு நாடு போனவன், முப்பத்திரண்டு தொகுப்பு போட்டவன். கோழியை வெளியேற்ற மறுக்காதவன். எல்லைக் காவலன்மேல் பாடாதவன். வாரத்துக்கு எத்தனை நாள் கறி என்று அப்பா கேட்டாரே, அவன்.

வெளியே யாரோ மரக்கட்டையை உடைக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தச் சொல்லை அழித்தாள். பிறகு நிதானமாக, எழுத்துப்பிழை பார்த்து, எழுதினாள்.

‘இன்று வந்திருக்கும் பத்திரிகைச் செய்தியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதிலுள்ள தகவல்கள் நம்முடைய பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. அவை தவறானவை. நான் இவருடைய மகள், ஆகவே இந்த விவாதத்தில் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கவும்.’

அனுப்பிவிட்டு மீதி ரொட்டியை வெட்டினாள். துண்டுகள் ஒரே அளவாக வரவில்லை.

குழி தயாரென்று தகவல் வந்தபோது கைப்பேசி இன்னொரு முறை துடித்தது. வடகாற்று. ‘உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். இப்படி ஒரு குறிப்பை நான் இங்கே பார்த்ததில்லை. பக்கம் போய்விடும் என்று நினைக்கிறேன். ஒன்று கேட்கலாமா, விதிக்காக இல்லை, எனக்காக. அவர் பாடியதை எங்கே கேட்கலாம்?’

கைப்பேசியை மாவுச் சாக்கின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

லவ்னெஸ் கோட்டும் தொப்பியும் அணிந்து, களி கிண்டும் நீளத் துடுப்பைக் கிடாராகத் தோளில் மாட்டி, ஊர்வலத்தின் முன்னால் போனாள். இடது காலை ஒரு நொடி தாமதமாக எடுத்து வைக்கும் அந்த நடை. எதிரே வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தொப்பியைத் தூக்கி, ஆண்களைக் கண்டுகொள்ளாமல் போகிற அந்த மரியாதை. பெட்டியைச் சுமந்தவர்கள் சிரிப்பில் ஒருமுறை தடுமாறினார்கள். “விழுந்தா நானே எழுந்து நடந்து போறேன், விடுங்கடா” என்றாள் லவ்னெஸ் மாமனாரின் குரலில். நெட்சாயின் தம்பி, பெட்டியின் முன்முனையில் இருந்தவன், சிரித்துக்கொண்டே அழுதான்.

குழியோரம் எல்லாரும் நின்றார்கள். போதகர் ஜெபித்தார். பெட்டி இறங்கியது. வழக்கமாக நேபோத் முன்னால் வருகிற இடம் இது. யாரும் வரவில்லை. நாற்பது வருடத்தில் இந்த இடத்தில் இப்படியொரு அமைதி வந்ததில்லை. கூட்டம் கால் மாற்றி நின்றது.

சிமுகா தொண்டையைச் செருமினார். “கேள்வி கேக்கறவன் உள்ள படுத்திருக்கான். சரி, நானே கேக்கறேன். டீயில எத்தனை கரண்டி?”

எல்லாத் தலைகளும் நெட்சாய் பக்கம் திரும்பின.

“ஆறு” என்றாள்.

“அது எப்படி? டாக்டர் ரெண்டுக்கு மேல கூடாதுன்னு சொன்னது ஊருக்கே தெரியும். வீட்டுல நீதான் காவல்னு அவனே அழுதிருக்கான் எங்கிட்ட. யாரு பாத்தா ஆறுன்னு?”

“ரெண்டு நான் போடுவேன்.” அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “கெட்டிலை வைக்கப் போற மாதிரி நான் திரும்பி நின்னுக்குவேன். நாலு அவரே போட்டுக்குவாரு.”

சிரிப்பு மெதுவாக ஆரம்பித்துக் கூட்டத்தின் கடைசிவரை போயிற்று. டீக்கடைக்காரம்மா, “ரெண்டும் நாலும்” என்று இழுத்தாள். இன்னொருத்தி அதைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு மகள் போட்டாள், நாலு அவன் போட்டான். உள்ளங்கைகள் சேர்ந்தன. எப்படி நடப்பார் என்று சிமுகா கேட்க வேண்டியிருக்கவில்லை, லவ்னெஸ் குழியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். இடது கால், ஒரு நொடி, வலது கால். பாட்டு அந்தத் தாமதத்திலேயே தாளத்தைப் பிடித்தது.

“யாரோட சண்டை?” என்று சிமுகா கத்தினார்.

“மூணாவது கம்பியோட” என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள்.

லவ்னெஸ் சட்டென்று நின்றாள். கையைத் தூக்கினாள். பாட்டு நின்றது. தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, துடுப்பின் நுனியில் இல்லாத முறுக்காணியைக் கால் திருப்பு திருப்பினாள். காதை அதன்மேல் வைத்துக் கேட்டாள். முகம் சுளித்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

கையில் ஒரு பிடி மண்ணோடு நெட்சாயும் நின்றாள். கம்பி சுதி சேரும்வரை ஒருவரும் அசையவில்லை.